முயல் பேசட்டும், பாடம் நடத்த வேண்டாம்

பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சியில் விலங்குகள் பேசலாமா என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாதம் கிளம்பியது. "முயல் உடுப்புப் போட்டுக்கொண்டு பேசுகிறது. இதைப் பார்க்கிற பிள்ளைக்கு அறிவியல் எப்படி ஏறும்?" என்றார் ஒருவர். "பேசாவிட்டால் பிள்ளை பார்க்கவே பார்க்காதே" என்றார் மற்றவர். தேநீர் ஆறிப்போனது, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பித்து வருபவள் என்ற முறையில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முயல் தாராளமாகப் பேசட்டும். ஆனால் கதை தொடங்கும்போது அந்த முயலுக்கு விடை தெரிந்திருக்கக் கூடாது.

வாதத்துக்குக் காரணமான முயலின் பெயர் எலினோர். 'எலினோர் வொண்டர்ஸ் வை' என்ற அந்தத் தொடரை அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் 2020 செப்டெம்பரில் தொடங்கியது. எலினோருக்கு இரண்டு தோழர்கள், ஆரி என்ற வௌவாலும் ஒலிவ் என்ற யானையும். மூன்று முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளை மனதில் வைத்து எடுத்தது. உருவாக்கிய இருவரும் அறிவியலில் ஊறியவர்கள். ஹோர்ஹே சாம் ரோபோட்டிக்ஸில் முனைவர் பட்டம் பெற்று, ஆய்வு மாணவர்கள் படும் பாட்டைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து பெயர் பெற்றவர். டானியல் வைட்சன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் துகள் இயற்பியல் பேராசிரியர். ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் தெரியாமல் நிற்பதுதான் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் எழுதிய கதைகள் என்பது பார்க்கும்போதே தெரிகிறது. முயல் ஏதோ ஒன்றைக் கவனிக்கிறது. ஏன் என்று கேட்கிறது. மூன்று பேரும் போய்ப் பார்க்கிறார்கள், ஊகிக்கிறார்கள், ஊகம் பிழைக்கிறது, திரும்பவும் பார்க்கிறார்கள். பெரியவர்கள் முந்திக்கொண்டு விடையைக் கையில் கொடுப்பதில்லை.

மனிதர் இயற்கையிடம் கற்றுக்கொண்டவையும் அந்தத் தொடரின் ஒரு முக்கிய இழை. நம் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தில் கிர்ரென்று பிரியும் ஒட்டுப் பட்டி இருக்கிறதே, அதன் மூலம் ஒரு முள்விதைதான். 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால், தன் உடுப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டி வந்த விதைகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். கொக்கிகள் தெரிந்தன. நம் வெறும் வளவுகளில் நாயுருவி காற்சட்டையில் ஒட்டாமல் விளையாடிவிட்டு வரும் பிள்ளை உண்டா? அம்மாமார் திட்டிக்கொண்டே பிடுங்கிப் போடும் அந்த விதையில் ஒரு முழுப் பாடம் ஒட்டியிருக்கிறது.

விலங்குகள் பேசக்கூடாது என்று சொன்ன ஆசிரியரை நான் தள்ளிவிடவில்லை. அவர் பக்கம் ஆதாரமும் இருக்கிறது. டொரொன்டோப் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கனேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்பின் அறியாத விலங்குகளைப் பற்றிய படக்கதைகளைக் காட்டினார்கள். விலங்கு மனிதரைப்போலப் பேசுவதாகவும் எண்ணுவதாகவும் எழுதிய கதையைக் கேட்ட பிள்ளைகள், உண்மையான விலங்குக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். வயது குறைந்தவர்கள் புதிய தகவல்களைக் கற்பதும் இத்தகைய கதைகளால் பாதிக்கப்பட்டது. இதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் விலங்கின் வாயைக் கட்டு என்பதல்ல. அதன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லாதே என்பதுதான்.

தமிழில் வந்த ஒரு சிறுவர் நிகழ்ச்சியை உதாரணம் காட்டுகிறேன், பெயர் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தைப் பொம்மை ஒன்று கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒளித்தொகுப்பின் வரைவிலக்கணத்தை ஒப்பித்தது. ஒப்பிக்கும்போது கண்களை இடமும் வலமும் உருட்டியது. எந்த ஆந்தையாலும் அது முடியாது. ஆந்தையின் கண் உருண்டை அல்ல, குழாய் போன்ற வடிவம். மண்டையோட்டில் அசையாமல் பதிந்திருக்கிறது. அதனால்தான் அது கழுத்தை ஏறத்தாழ 270 பாகை திருப்புகிறது. இதை அந்த ஆந்தையே சொல்லியிருந்தால், "என்னால் கண்ணை உருட்ட முடியாது, நீ உருட்டிக் காட்டு பார்ப்போம்" என்று கேட்டிருந்தால், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அந்த நிமிடமே கண்ணாடிக்கு முன்னால் ஓடியிருக்கும். நம்மவர்களோ ஆந்தையைக் கூப்பிட்டு ரியூசன் மாஸ்டர் வேலை கொடுத்துவிட்டார்கள். ஆந்தைக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

நமக்குப் பேசும் விலங்குகள் புதியவை அல்ல. பஞ்சதந்திரக் குரங்கு, இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று முதலையை ஏமாற்றித் தப்பியது முதல் எத்தனையோ கதைகள். அவை உலக நடப்பைச் சொல்லிக்கொடுக்க வந்தவை, அந்த வேலையை அழகாகச் செய்கின்றன. நரி தந்திரசாலி, காகம் ஏமாளி என்று அவற்றுக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அறிவியல் கதை தீர்ப்பில்லாமல் தொடங்க வேண்டும்.

தாகம் கொண்ட காகத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் தரம் நான்குப் பிள்ளைகளுடன் அதைச் செய்து பார்த்தோம். வெற்று ஜாம் போத்தல்களில் கால்வாசித் தண்ணீர், பக்கத்தில் வீதி வேலைக்குக் கொட்டியிருந்த சல்லிக்கற்கள். ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கற்கள் போத்தலின் வாய்வரை வந்துவிட்டன, தண்ணீர் வரவில்லை. ஒரு பையன் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் கல்லுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது டீச்சர்" என்றான். அரைவாசித் தண்ணீரோடு தொடங்கிய குழுவின் போத்தலில் கற்களை முந்திக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு வந்த கேள்வி: "காகத்தின் பானையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?" தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதையை நோக்கி ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி அது. அதோடு நிற்கவில்லை. ஒரு சிறுமி முற்றத்து மணலை உள்ளங்கையில் அள்ளி வந்து, தோற்றுப்போன போத்தலில் கற்களின் இடுக்குகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். மணல் இறங்க இறங்கத் தண்ணீர் கலங்கலாக மேலே வந்தது. வகுப்பே எழுந்து நின்றது.

உண்மையான பறவைகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2009இல் பிரித்தானிய ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமெரியும், ரூக் என்ற காக்கை இனப் பறவைகள் குழாய்க்குள் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்துத் தின்றதைப் பதிவுசெய்தார்கள். 2014இல் சாரா ஜெல்பெர்ட்டின் குழு நியூ கலிடோனியக் காகங்களுக்குத் தெரிவுகள் கொடுத்துப் பார்த்தது. மணல் நிரம்பிய குழாயை விட்டுத் தண்ணீர்க் குழாயையும், மிதக்கும் பொருளை விட்டு அமிழும் பொருளையும், நீர் தாழ்ந்த குழாயை விட்டு உயர்ந்த குழாயையும் அவை விரும்பின. கடைசியாகச் சொன்னது எங்கள் ஜாம் போத்தல் விடயமேதான். இந்தக் காகம் ஒரு தொடரில் வந்து பேசினால் என்னென்ன கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படி ஒரு தொடருக்குக் கதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்கள் நகர வீதிவரை வந்து குப்பையில் பொலித்தீனைத் தின்கின்றன. அந்த மான் பேசட்டும். இரைமீட்கும் வயிற்றுக்குள் பொலித்தீன் போனால் என்ன ஆகிறது, உப்புப் படிந்த சாப்பாட்டுப் பையில் அதற்கு என்ன மணக்கிறது என்று அதுவே தேடட்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் விரல் வைத்துப் பார்க்கும் பிள்ளை, ஒன்றைப்போல் ஒன்று சுடவில்லையே என்கிறது. நாம் இராவணன் உண்டாக்கிய கிணறுகள் என்ற கதையைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தக் கதையை விட வேண்டாம், எனக்கும் பிடித்த கதை. கூடவே ஒரு வெப்பமானியையும் கொண்டு போவோம். எரிமலையே இல்லாத நாட்டில், மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வரும் பயணத்தை ஒரு தவளையோ நண்டோ கேட்டுக் கேட்டுக் கண்டறியலாம்.

நம் கடலில் நீலத் திமிங்கிலங்கள் வந்து போகின்றன. கோணேசர் கோயில் குன்றில் நின்று கடலைப் பார்க்கும் பிள்ளைக்குப் பென்குயினைத் தெரிந்த அளவுக்கு அவற்றைத் தெரியாது. பெரிய திமிங்கிலங்கள் இரை தேடக் குளிர்க்கடலுக்குப் போகும் என்பதுதான் பொதுவான பாடம். இலங்கைக் கடலியல் விஞ்ஞானி ஆஷா டி வொஸ், 2003இல் நம் கடற்பரப்பில் மிதந்த திமிங்கிலக் கழிவைக் கண்டு, இவை இந்த வெப்பக் கடலிலேயே இரை எடுக்கின்றன என்று ஊகித்துப் பின்னர் ஆய்வாக வளர்த்தார். சிவப்பு நிறக் கழிவு ஒன்றிலிருந்து தொடங்கிய அறிவியல். எந்தப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு நித்திரைக்குப் போகும்?

"புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது வருமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. வினாத்தாளுக்குப் பழகத்தான் வேண்டும். அதற்காக ஐந்து வயதிலேயே கேள்வி கேட்பதை நிறுத்திவைக்கத் தேவையில்லை. போத்தலில் மணல் கொட்டிய அந்தச் சிறுமி வினாத்தாளைக் கண்டு பயப்படுவதில்லை.

பெரிய பணம் வேண்டும் என்ற சாக்கையும் நான் ஏற்கவில்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், அறிவியல் படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். இரு பக்கத்தாரும் சேர்ந்தால், துணிப் பொம்மைகளும் கைத்தொலைபேசியும் போதும், ஐந்து நிமிடக் கதை ஒன்றுக்கு. மானின் கதையை எழுத நான் தயார், வகுப்பில் முதலில் செய்து பார்த்துப் பிழை திருத்தியும் தருவேன். ஒரு நிபந்தனை மட்டும். மானுக்கும் காகத்துக்கும் குரல் கொடுப்பவர்கள் கீச்சுக்குரலில் பேசும் பெரியவர்களாக இருக்க வேண்டாம். உண்மையான பிள்ளைகள் பேசட்டும், திக்கினாலும் பரவாயில்லை. விருப்பமுள்ள மாணவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், அடுத்த பாடசாலை விடுமுறைக்குள் முதல் கதையைப் பதிவுசெய்துவிடலாம்.