டாங்கிளும் ரேடியோதான்

ஞாயிற்றுக்கிழமை நம் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பேசிப் பழகும் பொழுதுபோக்கு வானொலி) கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய படத்தை, திருமங்கலத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள் அந்தக் கல்லூரிப் பெண். இரண்டு அலுமினியக் கம்பி, ஒரு ஆர்டிஎல் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர்), பழைய லேப்டாப், அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. அதற்கு நம் மூத்த ஓ.எம். (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் 'ஓல்ட் மேன்') சொன்ன பதில்: "இதெல்லாம் ரேடியோ இல்லம்மா, கம்ப்யூட்டர் விளையாட்டு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ரேடியோ இல்லையென்றால் வேறு என்ன ஐயா? ஆன்டெனா இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த அலை இருக்கிறது. நிலையம் நெருங்கும்போது சிக்னல் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை மேலே தெரிவதையும், விலகும்போது அதே அளவு கீழே இறங்குவதையும் வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாக ஓடவிட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் திரை) காட்டி டாப்ளர் விளைவை விளக்கினாளே, அது விளையாட்டா? மிக்ஸர், ஃபில்டர், டிடெக்டர் மூன்றும் அதிலும் உண்டு. நாம் காயிலையும் கிரிஸ்டலையும் வைத்துச் செய்ததில் பெரும்பகுதியை அது கணக்காகப் போட்டுச் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் மேசையில் இருப்பது ஐகாம் ஐசி-7300. 2016-ல் வந்த செட். ஆன்டெனாவில் வரும் எச்எஃப் (சிற்றலை) சிக்னலை நேராக எண்களாக மாற்றிக்கொண்டு வேலை செய்யும் எஸ்டிஆர்தான் (சாஃப்ட்வேர் ரேடியோ) அதுவும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரேடியோ, சில ஆயிரத்தில் வாங்கினால் விளையாட்டு. இது என்ன நியாயம்?

"டாங்கிள் 8 பிட்தானே, அளவெடுக்கும் துல்லியம் குறைவு, பக்கத்து எஃப்எம் நிலையமே அதை அமுக்கிவிடும்" என்பீர்கள். சரி, அது உண்மை. ஒரு எஃப்எம் ஃபில்டர் மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். "அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாதே" என்பீர்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை நாமெல்லாம் என்ன செய்தோம்? ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்!

என் வீட்டில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பொழுது சாய்ந்தால் ஒரே இரைச்சல். ஈபி லைன் என்றார்கள், இன்சுலேட்டர் என்றார்கள். டாங்கிளைச் செருகிப் பார்த்தபோது வாட்டர்ஃபாலில் சீரான இடைவெளியில் கோடுகள். எதிர்வீட்டு மாடிப்படி விளக்கை அணைத்ததும் அத்தனையும் மறைந்தன. மட்டமான எல்இடி பல்பு. வேறு பல்பு வாங்கிக் கொடுத்தேன், பேண்ட் சுத்தமாகிவிட்டது. செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் இரைச்சல் இருப்பதைக் காட்டியதே தவிர, அது எந்த மாதிரி இரைச்சல் என்று காட்டவில்லை.

நான் நுழைந்த காலத்திலும் இதே சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். டவுன்ஹால் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி சால்டர் பிடித்தவன்தான் ஹாமாம், செட்டாக வாங்கியவன் இல்லையாம். அப்புறம் மோர்ஸ் (தந்திக் குறியீடு) தெரியாதவன் ஹாம் இல்லை என்றார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எத்தனையோ கூட்டங்களில் வாயே திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு வந்த சில பையன்கள் அதன்பிறகு வரவே இல்லை.

"பெரியவரை இப்படி எழுதலாமா" என்று போனில் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு டைபோல் ஆன்டெனா கட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் போனில் ஏதோ சமாதானம் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது போதாது. எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெறட்டும். அடுத்த கூட்டத்தில் அவளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முன்வரிசையில் அவர் உட்காரட்டும்.