கிரேக்க 'யோட்' எழுத்துக்குப் பதில் ஆங்கில ஜே போதுமா?
கிரேக்க 'யோட்' பார்க்க ஆங்கில ஜே மாதிரியே இருப்பதால் ஜே-யையே தட்டிவிட்டால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு அது சரி, தேடக்கூடிய கோப்புக்குச் சரிவராது. 'ஃபுலாஸ்ஸோ' (காவல் காக்கிறேன்) என்ற கிரேக்கச் சொல்லின் பழைய வடிவம் 'ஃபுலக்-யோ' என்று மொழியியலாளர்கள் மீட்டெழுதும்போது நடுவில் வரும் யகரத்துக்குத்தான் இந்த எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி எண் தரும் யூனிகோடில் அதன் எண் 1011, ஜே-யின் எண் 106. ஒரே சொல்லில் கிரேக்க எழுத்துகளுக்கு நடுவே ஆங்கில ஜே வந்தால், எழுத்துமுறையை வைத்து உரையைப் பிரிக்கும் நிரல் அந்தச் சொல்லை மூன்று துண்டாக்கிவிடும். என்னுடைய சொற்பட்டியல் ஒன்றில் பாதி இடத்தில் யோட்டும் மீதியில் ஜே-யும் கலந்து கிடந்தன. எதைத் தேடினாலும் பாதிதான் கிடைத்தது. பைதான் என்ற நிரல்மொழி இப்படி ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளையெல்லாம் தானே ஒன்றாக்கிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. நிரலில் வைக்கும் பெயர்களில், கணிதத்தில் வரும் இன்னொரு வடிவ கிரேக்க 'ஃபை'யை அது வழக்கமான ஃபை-யாக மாற்றிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் யோட்டுக்கு யூனிகோடில் அப்படி ஒரு இணைப்பே கிடையாது, அதனால் நிரலில் மதிப்பைச் சேமிக்கும் 'மாறி' ஒன்றின் பெயரில் யோட் நுழைந்துவிட்டால் ஜே போட்டு அழைக்கும்போது 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றுதான் பிழை வரும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிவதால் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறம், இதன் பெரிய எழுத்து வடிவம் 2014-இல், யூனிகோட் 7.0-இல்தான் சேர்ந்தது. பழைய மென்பொருளில் சொல் முழுவதையும் பெரிய எழுத்தாக்கினால் யோட் மட்டும் சின்னதாகவே நிற்கும். வலைப்பக்கத்தில் போட விசைப்பலகையெல்லாம் தேட வேண்டாம், ϳ என்று எழுதினாலே வந்துவிடும்.