சவுதி பெண்கள் கால்பந்து ரொனால்டோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது

ரொனால்டோ வந்த பிறகுதான் சவுதியில் பெண்கள் கால்பந்தே தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். தேதிகள் அப்படிச் சொல்லவில்லை.

ரொனால்டோவை ஒப்பந்தம் செய்ததை சவுதி கிளப்பான அல் நஸ்ர் அறிவித்தது 2022 டிசம்பர் 30 அன்று. சவுதியின் பெண்கள் பிரீமியர் லீக் அதற்கு முன்பே, அக்டோபரில் தொடங்கிவிட்டது. பெண்கள் தேசிய அணி இன்னும் முந்தியது: 2022 பிப்ரவரியில் மாலத்தீவின் மாலேயில் சீஷெல்ஸ் நாட்டு அணியை 2-0 என்று வென்றது. அணியின் முதல் கோல் அல் பந்தாரி முபாரக் அடித்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜெர்மனியின் மோனிகா ஸ்டாப். ரியாத், ஜெத்தா, தம்மாம் நகரங்களில் 2020-லேயே பெண்களுக்கான லீக் போட்டிகள் நடந்தன. அந்தப் பெண்கள் ஓடி வியர்த்ததற்கான பெயர் அவர்களுக்கே போக வேண்டும்.

ரொனால்டோ வந்ததும் சவுதி கால்பந்து மீது உலகக் கவனம் கூடியது, அது சரிதான். தொடக்கம் மட்டும் அவரால் இல்லை.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். தேசிய அணியின் பழைய முடிவுகளை ஃபிஃபா தளத்தில் தேடுங்கள். அப்புறம் லீக்கின் 2022-23 சீசனுடைய முதல் ஆட்டத் தேதியையும் அல் நஸ்ரின் அதிகாரப்பூர்வ அறிவிப்புத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.