பெயரை வைத்துத் தேடினால் யார் கிடைப்பார்?

தனியார் நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வேலைக்கு எடுப்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்கிறோம் என்ற பெயரில் நாங்கள் செய்துவரும் ஒரு தவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தோம். செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். சரிபார்ப்பு முகமையிடமிருந்து அவருடைய அறிக்கை சிவப்புக் குறியோடு வந்தது. அடிதடி வழக்கொன்றில் அவர் பெயர் இருப்பதாக ஒற்றை வரி. அதற்குக் கீழே நீதிமன்ற இணையதளத்திலிருந்து எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். 'நிறுத்தி வையுங்கள்' என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த முகமை எதைத் தேடியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். குற்றவாளிகளின் பதிவேடு என்று பொதுமக்கள் திறந்து பார்க்கும்படியான ஒன்று இந்தியாவில் கிடையாது. காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் வலையமைப்பில் உள்ள குற்ற விவரங்கள் காவல்துறையின் பயன்பாட்டுக்கானவை. 2018இல் தொடங்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளமும் அப்படியே. எஞ்சியிருப்பது நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, ஆண்டையும் பெயரின் மூன்றெழுத்தையும் இட்டால் வழக்குகளின் பட்டியல் வந்து விழும். வழக்காடுபவர் அடுத்த வாய்தா எப்போது என்று தெரிந்துகொள்ளச் செய்யப்பட்ட வசதி அது. முதல் தகவல் அறிக்கைகளின் கதை இன்னும் விசித்திரமானது. வெளிப்படுத்தத் தகாத உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, எஃப்ஐஆர்களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் நோக்கம், தன்மீது என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிய வேண்டும் என்பதுதான். அவருக்குப் பாதுகாப்பாகத் தரப்பட்ட அதே நகலை வைத்து இன்று அவருக்கு வேலை மறுக்கிறோம்.

இனி, பெயர். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தந்தையின் பெயர். அதுவும் பெரும்பாலும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நிற்கும். எஸ். செந்தில்குமார் என்றால் சுப்பிரமணியின் மகனா, சண்முகத்தின் மகனா, செல்வராஜின் மகனா? அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் பிரித்து எழுதுவார், ஒருவர் நடுவில் 'எச்' போடுவார், இன்னொருவர் போடமாட்டார். ஒரே மாவட்டத்தில் ஓராண்டுக்கு மட்டும் நானே தேடிப் பார்த்தபோது, திரை நிறையச் செந்தில்குமார்கள். அவர்களில் நம்முடையவர் யார் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. எஃப்ஐஆரில் பெரும்பாலும் வயது, தந்தை பெயர், தெரு வரை இருக்கும். அதைத் திறந்து ஒப்பிட நேரமெடுக்கும் என்பதால் முகமைகள் 'பொருந்தக்கூடும்' என்று ஒரு சொல்லைப் போட்டுக் கைகழுவிக்கொள்கின்றன. அந்தச் சொல்லை நாங்கள் 'பொருந்துகிறது' என்றே வாசிக்கிறோம்.

ஆள் அவரேதான் என்று உறுதியானாலும் வேலை முடிந்துவிடவில்லை. வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு அந்தத் தளத்திலேயே தனி வரி உண்டு. விடுதலை என்றால் அங்கே விடுதலை என்றிருக்கும். எங்களுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட் அந்த வரிக்குச் சற்று மேலே வெட்டப்பட்டிருந்தது. வேண்டுமென்றே வெட்டினார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்பவன் அதைக் கேட்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். கூடங்குளம் போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குப் போட்ட மாநிலம் இது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயத்தை விண்ணப்பத்தில் ஒருவர் மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. காவல்துறைப் பணி சம்பந்தமான வழக்குகளிலேயே அந்தத் தாராளம் பேசப்பட்டிருக்கும்போது, கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கு நாம் ஏன் இத்தனை கறாராக இருக்கிறோம்?

இதற்காகப் பதிவுகளையே அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் மறுத்தார்; 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஒப்புக்கொண்டது; அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்புகள் திறந்தே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பள்ளி வாகன ஓட்டுநரையும் முதியோர் இல்லப் பணியாளரையும் விசாரிக்காமல் எடுக்கவும் கூடாது. ஆனால் அதற்குக் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றிதழ் இருக்கிறது. இன்னார் மகன், இன்ன முகவரி என்று ஆளை வைத்துத் தேடுவது அது. நாங்களோ பெயரை வைத்து ஆளைத் தேடுகிறோம்.

அந்த இளைஞரை அழைத்துக் கேட்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வழக்கு வேறொரு செந்தில்குமாருடையது. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். 'முதல் நாளே கேட்டிருக்கலாமே சார்' என்றார் நம் இளைஞர். அதற்குள் குறைந்த சம்பளத்தில் வேறிடத்தில் சேர்ந்திருந்தார். இப்போது எங்கள் விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் முழுப்பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சிவப்புக் குறியோடு வரும் அறிக்கை எதுவானாலும், மேலிடத்துக்குப் போகும் முன் விண்ணப்பித்தவரின் கைக்குப் போகிறது.