உட்காருவதற்கு முன் கேளுங்கள் என்றேன், அவ்வளவுதான்

சனிக்கிழமை டர்பனில் நம் சாட்ஸ்வர்த் மண்டபத்தில், கோயில் நிதிக்காக வைத்த ஹிப்னாடிஸம் நிகழ்ச்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். மேடையில் இருந்த ஹிப்னாடிஸ்டிடம் நான் எழுந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஐயா, நீங்கள் எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்?" அதற்குப் பதில் வரவில்லை. பின்வரிசையிலிருந்து "உட்காருங்க ஆண்ட்டி" என்ற குரல்தான் வந்தது. இரவு பத்து மணிக்குள் நான் பொறாமைக்காரி, படித்த திமிர் பிடித்தவள், கோயில் நிதிக்குக் குறுக்கே நின்றவள்.

சரி, திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஹிப்னாடிஸம் பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குடல் கோளாறால் வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்களுக்கு அது உதவியதை மான்செஸ்டர் மருத்துவர்கள் 1984லேயே ஆய்வாக வெளியிட்டார்கள். வலிக்கும் பயத்துக்கும்கூட பயன்படுத்துகிறார்கள். அது தூக்கமும் இல்லை, வசியமும் இல்லை. கவனம் ஒரே இடத்தில் குவிந்து, எதிரே இருப்பவர் சொல்லும் வார்த்தை சுலபமாக உள்ளே இறங்கும் ஒரு நிலை. அப்படியானால் யாருடைய வார்த்தை இறங்குகிறது என்று பார்க்க வேண்டாமா?

மேடையில் செய்பவர் முதலில் இருபது பேரைக் கூப்பிடுவார். கைகளைக் கோர்க்கச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார், சரிப்படாதவர்களைக் கீழே அனுப்பிவிடுவார். மிஞ்சும் ஐந்தாறு பேர் சுலபமாக வசப்படுகிறவர்கள், கூட்டத்துக்கு முன் மறுக்கக் கூச்சப்படுகிறவர்கள். மேடைக்கு அந்தத் திறமை போதும். மூன்று மாதத்துக்கு முன் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைக் கூட்டத்துக்கு நடுவே அழவைத்துவிட்டு, வாசலில் ஆறு அமர்வுக்கு முன்பணம் வாங்க அது போதாது.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்கிறீர்கள். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு கேட்டிலேயே துப்பாக்கியைக் காட்டி என் காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு ஹிப்னாடிஸ்டிடம் போனேன். எதுவும் கேட்கவில்லை. பணம் முழுவதையும் முதலிலேயே கட்டினேன். மூன்றாவது அமர்வில் அவர், "இதன் வேர் உங்கள் சின்ன வயதில் இருக்கிறது. கதவருகே யார் நிற்கிறார்கள்?" என்றார். யாரும் இல்லை என்றேன். நன்றாகப் பாருங்கள் என்றார். ஐந்தாவது தடவை கேட்டபோது "மாமா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

காவடித் திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்த மாமா. நான் அதை நம்பினேன். அம்மாவிடம் சொன்னேன். குடும்பம் இரண்டாக உடைந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் அம்மா பழைய கடிதங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நான் சொன்ன அந்தக் காலம் முழுவதும் மாமா ஜோகன்னஸ்பர்க்கில் வேலையில் இருந்திருக்கிறார். ஹிப்னாடிஸத்தில் வரும் நினைவு அதிக உண்மையாக இருப்பதில்லை, சொல்பவரின் நம்பிக்கைதான் கூடுகிறது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985லேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. அந்த ஹிப்னாடிஸ்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் உண்மையிலேயே கொடுமை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அதனால்தான் இந்த வேலை தெரியாதவர் யாரும் நினைவில் கை வைக்கக் கூடாது என்கிறேன்.

மாமா என்னை மன்னித்துவிட்டார். ஆனால் இன்றுவரை என் வீட்டுக்கு வந்தால் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். உள்ளே வருவதில்லை.

இரண்டாவதாக நான் போனது பதிவு பெற்ற ஒரு உளவியலாளரிடம். முதல் நாள் கண்ணை மூடவே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கேள்விகள்தான். வேறு நோய் இருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறேன், யாரும் இல்லாதபோது குரல் கேட்குமா, இதிலிருந்து என்ன எதிர்பார்க்கிறேன். எல்லோருக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது என்று அவரே சொன்னார். எண்ணும்போது எந்த மொழியில் எண்ணுவீர்கள் என்றும் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆயா சொல்லிக்கொடுத்த ஒன்று, இரண்டு, மூன்றைத்தான் நான் மனதுக்குள் எண்ணினேன். நான்கு தடவை போனேன். முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்குகிறேன்.

பதிவு பெற்றவர்களும் ஏமாற்றுவார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஏமாற்றலாம். அப்போது புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று உடனே தெரியும். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பற்றி நான் பேசவில்லை. வார இறுதி வகுப்புக்குக்கூட சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாத வீடுதான் எங்கள் வீடும். ஆனால் சனிக்கிழமை வாசலில் கேட்ட பணமும் சின்னப் பணம் இல்லையே. சிகரெட்டை ஒரே அமர்வில் விட்டுவிடலாம் என்று உறுதி கொடுத்தார் அவர். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழு, மற்ற வழிகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது. உறுதி கொடுப்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள்.

"சாமி வந்து ஆடும் சாட்ஸ்வர்த்தில் இதற்கு என்ன பயம்" என்று எழுதிய அண்ணாவுக்கு. சாமி வரும்போது நம்மைப் பிடித்துக்கொள்ள நம் பெரியவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். விபூதி பூசி, தண்ணீர் கொடுத்து, வீடுவரை கூட வருகிறார்கள். கோயிலை இதற்குள் இழுக்காதீர்கள், எனக்கு வலிக்கிறது. முப்பது வருடம் அந்தக் கோயில் சமையல் கட்டில் நின்றவள் நான். என்னைப் பார்த்துத்தான் நிதிக்குக் குறுக்கே நின்றவள் என்கிறீர்கள்.

யார் தொட்டால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், பெண் மருத்துவர் வேண்டுமா, துணைக்கு ஆள் உட்காரலாமா, உங்கள் பிரச்சினையை அவர் முன்பு பார்த்திருக்கிறாரா, இத்தனையையும் கேளுங்கள். புடவை எடுக்கும்போது எத்தனை கடை ஏறுகிறோம்! மனதைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவா?

மேடையில் அழுத அக்கா, இதைப் படிக்கிறீர்களா தெரியவில்லை. வியாழக்கிழமை முதல் அமர்வு என்று கேள்விப்பட்டேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போவதாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நான் கூட வந்து அறைக்குள் உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் என்னை வெளியே இருக்கச் சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்து வந்துவிடலாம்.