யோகா வேண்டாம் என்பவர் என்னை அவமதிக்கவில்லை

இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் எந்த நாட்டு முஃப்தியாவது முஸ்லிம்களுக்கு யோகா கூடாது என்று சொல்லிவிட்டால் போதும், நம் ஆட்கள் கொந்தளித்துவிடுகிறார்கள். "உலகமே செய்யுது, இவங்களுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே அந்த மதத்தைத் திட்டுவதில் போய் நிற்கிறது. நான் தினமும் யோகா செய்கிறவள், சாமி கும்பிடுகிறவள். அந்தக் கொந்தளிப்பில் எனக்கு உடன்பாடே இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அதிகம் பேசப்பட்டது மலேசியாவில் நடந்ததுதான். 2008 நவம்பரில் மார்க்கத் தீர்ப்பு (ஃபத்வா) வழங்கும் அங்குள்ள தேசிய ஃபத்வா மன்றம், முஸ்லிம்கள் யோகா செய்வது ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, என்று அறிவித்தது. உடலசைவு, வழிபாடு, மந்திரம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன, இறைவனோடு ஒன்றுவது அதன் நோக்கம், ஆகவே முஸ்லிமின் நம்பிக்கையை அது குலைக்கும் என்று காரணம் சொன்னார்கள். மந்திரம் இல்லாமல் வெறும் ஆசனம் செய்வது தவறாக இல்லாமல் போகலாம், ஆனாலும் ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய் விடும், அதனால் மொத்தமாகத் தவிர்ப்பதே நல்லது என்றார் மன்றத்தின் தலைவர்.

அப்புறம் நடந்ததைப் பலரும் கவனிக்கவில்லை. சில நாட்களிலேயே அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்கிறவர்கள் தொடரலாம் என்றார். இப்படிப்பட்ட அறிவிப்பை மாநில சுல்தான்கள் அடங்கிய ஆட்சியாளர்கள் மன்றத்திடம் முதலில் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று சிலாங்கூர் மாநில சுல்தானே சொன்னார். முஸ்லிம் பெண்கள் அமைப்பான சிஸ்டர்ஸ் இன் இஸ்லாமும் எதிர்த்தது. அதாவது, முஸ்லிம்களுக்குள்ளேயே வெளிப்படையாக விவாதம் நடந்தது. மற்ற நாடுகளிலும் ஒரே பதில் இல்லை. 2004ல் எகிப்தின் தலைமை முஃப்தி கூடாது என்றார். 2009 ஜனவரியில் இந்தோனேசியாவின் உலமா (மார்க்க அறிஞர்கள்) மன்றம் மந்திரமும் சடங்கும் சேர்ந்தால் ஹராம், உடற்பயிற்சி என்றால் தடையில்லை என்றது. 2017ல் சவுதி அரேபியா யோகாவை விளையாட்டுப் பிரிவில் சேர்த்து அனுமதித்தது. அங்கே அதற்காகப் பாடுபட்ட நூஃப் மர்வாய்க்கு மறு வருடமே இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது "முஸ்லிம்களுக்கு யோகா என்றாலே ஆகாது" என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

சரி, ஹராம் என்று சொன்னவர்களிடமே வருவோம். அவர்கள் யோகாவைப் பற்றிச் சொன்னதில் எது பொய்? திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு அங்கங்களையும் சொல்லிச் சமாதி வரைக்கும் போகிறார். அவருக்கு அது சிவத்தை அடையும் வழி. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் ஏறக்குறைய இருநூறு சூத்திரங்களில் ஆசனத்துக்கு நேரடியாக ஒதுக்கியது மூன்றே மூன்று. முதுகுவலிக்காகச் செய்யப்பட்ட கலை என்று நம் மரபில் யாரும் இதைக் கொண்டாடவில்லை. ஜூன் 21, சர்வதேச யோகா தினம் வந்தால் நாமே மேடையேறி, யோகா எங்கள் ஆன்மிகச் சொத்து, உலகத்துக்கு நாங்கள் கொடுத்த கொடை என்று பெருமையாகப் பேசுகிறோம். அதே வாயால் பக்கத்து வீட்டு முஸ்லிமிடம் "இது வெறும் உடற்பயிற்சிதானே, உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிறோம். ஆன்மிகம் என்று நாம் சொன்னதை அவர் நம்பிவிட்டார், அதில் அவர் மேல் என்ன குற்றம்? உண்மையில், யோகாவைக் கால்சட்டை விற்கிற வியாபாரமாக மட்டும் பார்க்கிறவர்களைவிட அந்த முஃப்திகள் அதை மதித்துப் படித்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சூரிய நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முறையாகச் செய்தால் பன்னிரண்டு நிலை, பன்னிரண்டு மந்திரம். ஓம் மித்ராய நம, ஓம் ரவயே நம, ஓம் சூர்யாய நம என்று சூரியனை ஒவ்வொரு பெயராகச் சொல்லி வணங்குகிறோம். நடுவில் நெற்றியும் நெஞ்சும் தரையில் படுகின்றன. எனக்கு அந்த நொடி மிகவும் பிடித்தமானது, அது எனக்குக் கும்பிடுவதுதான். குர்ஆனின் 41ஆம் அத்தியாயத்தில், சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே பணியுங்கள் என்று நேரடியாகவே இருக்கிறது. அதைத் தினமும் ஓதுகிற ஒருவர் இந்த இடத்தில் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கம் வெறுப்பிலிருந்து வரவில்லை. நான் பக்தியோடு செய்வது எதுவோ, அதை அவர் பக்தியோடு மறுக்கிறார்.

நான் போகும் வகுப்பில் ஒரு முஸ்லிம் பெண் சேர்ந்தார். முதல் நாளே ஆசிரியையிடம் போய், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, மந்திரம் மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார். ஆசிரியை, "சொல்லவே வேண்டாம்மா, மூச்சை மட்டும் கவனிங்க" என்றார். நாங்கள் ஓம் சொல்லும்போது அவர் கண்ணை மூடி, வாயைத் திறக்காமல், கைகளை நெஞ்சில் குவிக்காமல் முழங்காலிலேயே வைத்திருப்பார். அதனால் எங்கள் ஓம் ஒரு துளி குறைந்துபோகவில்லை. அவருடைய தோழி ஒருவர் விசாரித்துவிட்டு, "எங்க மார்க்கத்துல வேண்டாம்னு சொல்றாங்க, நான் வரலை" என்று சொல்லிவிட்டார். வந்தவரை எல்லோரும் பாராட்டினார்கள். வராதவரைப் பற்றி வகுப்பில் சிலர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நம்மோடு சேர்ந்துகொள்கிறவரை மதிப்பது சுலபம். மரியாதையாக விலகிக்கொள்கிறவரையும் அதே முகத்தோடு பார்க்க முடிகிறதா என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

இந்தியாவில் 2015ல் முதல் சர்வதேச யோகா தினம் வந்தபோது, முஸ்லிம் அமைப்புகளின் ஆட்சேபத்தை அடுத்து சூரிய நமஸ்காரத்தைப் பொது நிகழ்ச்சியில் சேர்க்காமல் விட்டார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நேரத்தில் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர், சூரிய நமஸ்காரம் பிடிக்காதவர்கள் கடலில் மூழ்கட்டும் என்று பேசினார். கட்டாயப்படுத்தி ஒருவரைக் குனிய வைத்தால் அதற்குப் பெயர் நமஸ்காரமா?

கிறிஸ்தவ நாடுகளிலும் இதே பிரச்சினைதான். அமெரிக்காவின் அலபாமாவில் 1993ல் அரசுப் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தார்கள். 2021ல் தளர்த்தினார்கள், ஆனால் நமஸ்தே சொல்லக்கூடாது, மந்திரம் கூடாது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் புரிந்துகொள்வேன். யோகாவின் பயன் வேண்டும், அது எங்கிருந்து வந்ததோ அந்த மரபின் பெயர்கூட வாயில் வரக்கூடாது என்றால் அது வலிக்கிறது. மலேசிய மன்றம் இந்து மரபை அழித்துவிட்டு யோகாவை எடுத்துக்கொள்ளவில்லை, இது உங்களுடையது, எங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது.

மார்க்கத் தீர்ப்பிலும் எனக்கு ஒரு எல்லை உண்டு. ஆலோசனையாக இருக்கும்வரை அது அந்தச் சமூகத்தின் உள்விவகாரம். மலேசியாவில் ஃபத்வாவை ஒரு மாநிலம் அரசிதழில் வெளியிட்டுவிட்டால் அந்த மாநில முஸ்லிம்களை அது சட்டப்படி கட்டுப்படுத்தும், மீறினால் குற்றம். ஆசனம் செய்ததற்காக ஒரு பெண் அதிகாரிமுன் நிற்கவேண்டிய நிலை வரக்கூடாது. மனசாட்சிக்குச் சொல்லவேண்டியதைச் சட்டத்தின் கையில் கொடுப்பது தப்பு, எந்த மதம் செய்தாலும். அதுபோல, எங்களுக்கு ஆகாது என்று சொல்வதற்கு, இந்துக்களின் வழிபாட்டை இழிவாகப் பேசத் தேவையே இல்லை. அப்படிப் பேசுகிறவர்களை முதலில் கண்டிக்க வேண்டியவர்கள் அவர்கள் சமூகத்தினரே. நம் பக்கத்தில் அப்படிப் பேசுகிறவர்களை நாம்தான் கண்டிக்க வேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி பதஞ்சலியின் யோக நூலை அரபியில் மொழிபெயர்த்தார். அவர் தன் மார்க்கத்திலிருந்து அசையாத முஸ்லிம். இந்துக்களின் நம்பிக்கைகளோடு ஒத்துப்போகாத இடங்களை ஒளிக்காமல் எழுதினார், ஆனால் அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே கேட்டு எழுதினார். தமிழில் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு, சித்தர்களின் யோகச் சொற்களைத் தாராளமாக எடுத்துத் தன் இறைவனைப் பாடினார். இருவரும் முஸ்லிம்கள், இருவரும் யோகத்தை அணுகிய விதம் வேறு. மூன்றாவதாக, எனக்கு வேண்டாம் என்று நகர்ந்துகொள்கிற ஒருவருக்கும் இதில் இடமுண்டு.

யோகா சொல்லிக்கொடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் மந்திரமும் வழிபாடும் உண்டா இல்லையா என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். இருந்தால் இருக்கட்டும், மறைக்காதீர்கள், அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். சொல்ல விரும்பாதவர்கள் அமைதியாக இருக்கலாம் என்பதையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால், காரணம் கேட்காமல் அனுப்பி வையுங்கள்.