பதிவேட்டில் ஒரே ஒரு சொல்

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் வழி வகுப்பு எடுத்தவள் நான். எத்தனையோ ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும் இன்றுவரை மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு. ஆய்வுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர், பிள்ளைகளிடம் அன்பாகப் பேசியவர். முதல் பெஞ்சில் இருந்த சிறுமியின் நோட்டை எடுத்துப் புரட்டினார். மழையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியிருந்தது இது: "மலை பெய்தால் அம்மா கம்பளி போட்டுக் கொழுந்து எடுக்கப் போவார். கம்பளி நனைந்தால் கனமாகும். அம்மா வந்ததும் நானும் அண்ணனும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்குவோம். தண்ணீர் வாசல் முழுதும் ஓடும். அம்மா சிரிப்பார்."

அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கிறாள், டீச்சர்?" என்று மலையாளத்தில் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். 'மழை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மலை' என்று எழுதியிருக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் அது என் கற்பித்தலின் குறை. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. அந்தக் குழந்தையின் பிழையும் அவர் கண்ணில் படவில்லை, அவள் எழுத்தின் அழகும் படவில்லை. என் வகுப்பை ஆய்வு செய்ய வந்தவருக்கு நானே கண், நானே காது, நானே சாட்சி. போகும்போது பதிவேட்டில் மலையாளத்தில் ஒரு சொல் எழுதிக் கையெழுத்திட்டார்: திருப்திகரம்.

அன்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். இன்று நினைத்தால் கோபம் வருகிறது. அவர் மீது அல்ல. தமிழ் தெரியாத ஒருவரைத் தமிழ் வகுப்பை மதிப்பிட அனுப்பிவிட்டு, 'ஆய்வு முடிந்தது' என்று கணக்கு எழுதும் ஏற்பாட்டின் மீது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் தங்கை மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். வாடகைக்கு வீடு தேடியபோது, அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்ன 'கிரேடு' என்று பார்த்துத்தான் தெருவையே தேர்ந்தெடுத்தாளாம். அங்கே பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பின் பெயர் ஆஃப்ஸ்டெட். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஏறத்தாழ 22,000 அரசு நிதிப் பள்ளிகளை அது பார்க்கிறது. 2024 வரை பள்ளிக்கு மொத்தமாக மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்று நான்கு தரம் இருந்தது. ஒரு பள்ளியின் பல ஆண்டு உழைப்பு கடைசியில் இந்த நான்கில் ஒன்றாகச் சுருங்கியது. அந்தச் சொல்லை வைத்துப் பெற்றோர் வந்தார்கள், போனார்கள். தலைமை ஆசிரியரின் வேலையே ஆட்டம் கண்டது.

ரெடிங் நகரில் கேவர்ஷம் தொடக்கப் பள்ளி. அதன் தலைமை ஆசிரியர் ரூத் பெர்ரி, சிறு வயதில் அதே பள்ளியில் படித்தவர். 2009இல் 'மிகச் சிறப்பு' வாங்கிய பள்ளி அது. அதன் பிறகு 2022 நவம்பரில்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். பாடம் நடத்துவது நன்று, பிள்ளைகளின் நடத்தை நன்று என்றெல்லாம் எழுதிவிட்டு, குழந்தைகள் பாதுகாப்பு தொடர்பான குறைபாடுகளைக் காட்டி, பள்ளிக்கு மொத்தமாக 'போதாது' என்று தரமிட்டார்கள். அறிக்கை வெளிவரும்வரை அதை வெளியில் சொல்லவும் கூடாது. 2023 ஜனவரி 8 அன்று ரூத் பெர்ரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 53. அந்த ஆண்டு டிசம்பரில், மரண விசாரணை நடத்திய அதிகாரி, அவர் மரணத்துக்கு அந்த ஆய்வும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். ஆய்வு நடந்த விதத்தில் நியாயமும் மரியாதையும் குறைவாக இருந்ததென்றும் சொன்னார். அதே பள்ளியை 2023 ஜூனில் மறுபடி ஆய்வு செய்தபோது 'நன்று' என்று தரம் வந்தது. ஏழு மாதத்தில் சரிசெய்யக்கூடிய குறைக்குத்தான் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தத் துயரம் நடந்த நாட்டில், ஆய்வாளரையே உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. ஆஃப்ஸ்டெட் எந்த அமைச்சருக்கும் கீழே இல்லை, நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய துறை. பொதுமக்கள் சபையின் கல்விக் குழு 2023இல் ஒரு விசாரணையைத் தொடங்கியது. ஆசிரியர்கள், பெற்றோர், சங்கங்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுத்தில் சாட்சியம் தரலாம். தலைமை ஆய்வாளரே குழுவின் முன் வந்து உட்கார்ந்து பதில் சொன்னார். 2024 ஜனவரி 29 அன்று குழு அறிக்கை வெளியிட்டது. ஒற்றைச் சொல் தரத்துக்கு மாற்று தேடச் சொன்னது. ஆய்வுக்கு முதல் நாள் தொலைபேசியில் அழைத்துவிட்டு மறுநாள் காலை வந்து நிற்கும் வழக்கத்தைத் தளர்த்தி, இன்னும் கொஞ்சம் அவகாசம் தருவதை யோசிக்கச் சொன்னது. ஆஃப்ஸ்டெட் மீதான புகாரை ஆஃப்ஸ்டெட்டே விசாரிப்பது சரியா என்று கேட்டது. இன்னொன்றும் சொன்னது, அதைப் படித்தபோது என் மூன்றாம் வகுப்பு கண்ணில் வந்து நின்றது: ஆய்வுக்குத் தலைமை தாங்குபவருக்கு அந்த வகைப் பள்ளியைப் பற்றிய அனுபவம் கட்டாயம் இருக்க வேண்டும்.

அன்றைய அரசு ஒற்றைச் சொல்லை விட மறுத்தது. ஆட்சி மாறியதும், 2024 செப்டம்பரில், அந்தச் சொல் போனது. 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மதிப்பீடு காட்டும் அறிக்கை அட்டை வந்திருக்கிறது. அதிலும் குறை உண்டு என்று அங்குள்ள ஆசிரியர் சங்கங்கள் சண்டை போடுகின்றன, போடட்டும். கேள்வி கேட்பது நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஆய்வே வேண்டாம் என்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். 'மிகச் சிறப்பு' வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. 2018இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, 1,620 பள்ளிகளுக்கு ஆறு ஆண்டோ அதற்கு மேலோ ஆய்வாளர் போகவில்லை என்று தெரிந்தது. அவற்றில் 296 பள்ளிகளுக்குப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ. பொதுக் கணக்குக் குழுவும் அதைப் பிடித்துக்கொண்டு ஆஃப்ஸ்டெட்டைக் கேட்டது. ஆய்வாளர் வந்து கெடுப்பது ஒரு பாவம் என்றால், வராமலே கெடுப்பது இன்னொரு பாவம். கேவர்ஷம் பள்ளி இரண்டையும் அனுபவித்திருக்கிறது: 13 ஆண்டுகள் யாரும் வரவில்லை, வந்தவர்கள் இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

கேரளத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்கு 'ஆறாவது வேலை நாள்' என்றால் புரியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது முடிவாகும். ஒரு குழந்தை குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் டீச்சர் போவார். ஆதாரை வைத்து எண்ணும் முறை வருவதற்கு முன்னால், அதிகாரி நேரில் வந்து தலையை எண்ணுவார்.

அப்படி ஒரு நாள். தோட்டத்தில் மூன்று நாளாக விடாத மழை. எங்களுக்கு ஒரு குழந்தை குறைந்தது. காய்ச்சலில் கிடந்தவன். அவன் அம்மாவிடம் யார் சொன்னார்களோ தெரியாது. தோட்டத்தில் பெயர் கொடுக்க மஸ்டருக்குப் போக வேண்டிய நேரத்தில், அரை நாள் கூலியை விட்டுவிட்டு, லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அவனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். வகுப்பில் உட்கார வைத்தபோது அவன் உடம்பு கொதித்தது. எண்ணி முடித்த ஐந்தாவது நிமிடம் அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "டீச்சர், எங்க பள்ளிக்கூடம் இருக்கணும்ல" என்று மட்டும் சொன்னார். பள்ளியின் தரத்தைப் பற்றி யாராவது கேட்டால் அந்தத் தாயின் நனைந்த கால்களைத்தான் காட்டுவேன். அது எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. ஏறியது ஓர் எண் மட்டும்.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளுக்குக் கேரளத்தில் நீண்ட காலமாக ஒரு பெயர் உண்டு: 'அன்எகனாமிக்'. ஆதாயமில்லாத பள்ளி! ஆங்கிலேயர் 'போதாது' என்று எழுதினார்கள், நாம் 'ஆதாயமில்லை' என்று எழுதினோம். அந்தச் சொல் ஒட்டிய பள்ளிக்கு எந்தப் பெற்றோர் பிள்ளையை அனுப்புவார்? பிள்ளை குறைவதால் சொல் ஒட்டுகிறது, சொல் ஒட்டியதால் பிள்ளை இன்னும் குறைகிறது. கொழுந்து எடுப்பவரின் மகள் தமிழில் படிப்பதில் யாருக்கு ஆதாயம் என்று கணக்குப் பார்த்தால், விடை எப்போதும் ஒன்றுதான் வரும்.

நமக்கு உரிமை இல்லாமல் இல்லை. கேரளம் பிறந்த அதே 1956இல், ஏழாவது திருத்தத்தால், அரசியலமைப்பில் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. 350ஏ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. 350பி, அதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஒரு தனி அதிகாரியைக் கேட்கிறது. அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும், மாநில அரசுக்கும் போக வேண்டும். எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! அறிக்கையை அவையின் மேசையில் வைப்பது ஒன்று. அந்த அறிக்கைக்குப் பொறுப்பானவரை எதிரில் உட்கார வைத்து, 'தேவிகுளம் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிகளை ஆய்வு செய்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்?' என்று கேட்பது வேறு. எனக்கு இரண்டாவது வேண்டும்.

கேட்பதற்கான இடமும் நம்மிடம் இருக்கிறது. டெல்லியில் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தது 1993இல். கேரளச் சட்டமன்றம் 1980இலேயே பொருள்வாரிக் குழுக்களை அமைத்துவிட்டது. இந்தியாவுக்கே முன்னோடி என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமை நியாயமானதுதான். மூணாறு அடங்கிய நம் தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் 2021இல் தமிழில் உறுதிமொழி எடுத்தபோது லயம் லயமாக அந்த வீடியோவைப் பார்த்துக் கைதட்டினோம். அந்தத் தமிழ் ஒரு நாளோடு நின்றுவிடக் கூடாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளித் தரத்துக்கென்று தனி ஆணையம் வேண்டும் என்கிறது. நாளைக்கு எந்தப் பெயரில் எது வந்தாலும், அது வந்து பார்க்கப்போவது இந்த மூன்றாம் வகுப்பைத்தான். அப்போதும் தமிழ் தெரியாத ஒருவர் நோட்டைப் புரட்டி, டீச்சரைக் கேட்டு, ஒரு சொல் எழுதிவிட்டுப் போவாரானால் ஆணையம் எதற்கு?

என் பழைய சக ஆசிரியர்களில் சிலர், "எதற்கு வீண் வம்பு? தமிழ் தெரிந்த அதிகாரி வந்தால் நம் குறையெல்லாம் வெளியே வரும்" என்கிறார்கள். வரட்டும். 'மலை'யும் 'மழை'யும் குழம்பும் பிள்ளையை நான் அன்று மறைத்தேன். மறைக்க முடியாத ஆய்வாக இருந்திருந்தால், ழகரத்துக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போம். கூடவே, அந்தக் கம்பளி வாக்கியத்தையும் அவர் படித்திருப்பார். படித்திருந்தால் 'திருப்திகரம்' என்று எழுத அவருக்குக் கை வந்திருக்காது. வேறு ஏதோ எழுதியிருப்பார், ஒரு பத்தியாவது எழுதியிருப்பார்.

சட்டமன்றத்தின் கல்விக் குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். மூணாறிலோ பீருமேட்டிலோ ஒரு நாள் வந்து அமருங்கள், பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் பக்கமும் போங்கள், தமிழ் வழி ஆசிரியர்களையும் பெற்றோரையும் தமிழிலேயே பேச விடுங்கள், ஆய்வுக்குப் பொறுப்பான அதிகாரிகளை அதே நாளில் அதே அறையில் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கூட்டத்தைப் பகல் வேளையில் வைத்தால், தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகும், அதற்கும் ஏற்பாடு வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

மனுவைத் தமிழில்தான் எழுதினேன். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. இரண்டு பக்கம், கையெழுத்தில். நேற்று மூணாறு தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிட்டு, ரசீதைப் பழைய வருகைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். பதில் எந்த மொழியில் வருகிறதோ, அதை அப்படியே இங்கே போடுகிறேன்.